அடித்துவிட்ட வரி

சம்மதப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை தோரெஸ் பேனாவால் அடித்திருந்தாள். ஒரு கோடு போதாதென்று மூன்று கோடு, தாள் கிழியாத குறையாக. "தேவை ஏற்பட்டால் மார்பைத் திறந்து அறுவையைத் தொடரச் சம்மதிக்கிறேன்" என்ற வரி அது.

டாக்டர் சபேலா தாளை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"இதை அடிக்கக் கூடாதுங்க. எல்லாரும் இதுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வர்றாங்க."

"எல்லாரும் போடட்டும். நான் போடமாட்டேன்."

"நடுவுல ரத்தம் கொட்டுச்சுன்னா?"

"கொட்டுனா திறங்க. உயிர் போற நேரத்துல என்னை எழுப்பியா கேக்கப் போறீங்க? ஆனா கட்டி கிடைக்கலை, கை எட்டலை, நேரமாயிடுச்சுன்னு திறக்கக் கூடாது. அப்படின்னா மூடிட்டு என்னை எழுப்புங்க. அப்புறம் என்ன பண்றதுன்னு நான் சொல்றேன்."

தோரெஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. மரணக் கரை என்று பெயர் வாங்கிய கடற்கரையில் முப்பது வருடமாகப் பெர்செபெ எடுப்பவள். விரல் தடிமனில், நுனியில் நகம் முளைத்ததுபோல், அலை மோதும் பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் ஜீவன் அது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு அலை பின்வாங்கி அடுத்தது வருவதற்குள் இரும்புப் பட்டையால் சுரண்டி எடுக்க வேண்டும். மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவள் அவளுடைய நாத்தனார் சேலோ. தோரெஸின் இடதுகை பாறையைப் பற்றியிருக்கும். சுரண்டுவது வலதுகை. கட்டி வந்திருப்பதும் வலது நுரையீரலில்தான்.

அவள் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. பாறையில் வழுக்கி விலா எலும்பு முறிந்தபோது எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டது, ஒன்பது மில்லிமீட்டர். ஆறு மாதத்தில் பதினொன்றாக வளர்ந்திருந்தது. கருங்கல் வீடுகளின் தரையிலிருந்து கசிந்து நுரையீரலைக் கெடுக்கும் ரேடான் வாயுவைப் பற்றி அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை.

"என் அண்ணனைப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இங்கிருந்து அங்க வரைக்கும் கிழிச்சாங்க." தோரெஸ் முதுகுப்பக்கத்தில் ஆரம்பித்து மார்புக்கடியில் விரலைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "பிழைச்சுட்டான். ஆனா கை தோளுக்கு மேல போகாது. இப்ப மீன் ஏலக் கூடத்துல பெட்டிக்கு எடை போடறான். நல்லவன்தான், பாவம். நான் அப்படி இருக்கமாட்டேன்."

சபேலா பேனாவை எடுத்தாள். பயிற்சிக் காலத்தில் அந்த மாதிரி அறுவைகளில் விலா எலும்புகளை விரிக்கும் கருவியின் கைப்பிடியைச் சுற்றியவள் அவளேதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம் வரும். சில சமயம் ஒரு எலும்பு உடையும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அக்குளுக்குக் கீழே மூன்றரை சென்டிமீட்டரில் ஒரே ஒரு துளை, அதன் வழியாகக் கேமராவும் எல்லாக் கருவிகளும் என்ற முறையை அவள் பிடிவாதமாகக் கற்றதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் புள்ளிவிவரம் சொல்வாள்.

அடிக்கப்பட்ட வரியின் ஓரத்தில் சபேலாவும் கையெழுத்திட்டாள்.

*

கட்டி நுரையீரலின் பரப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, கீழ் மடலின் பின்பக்கத்தில் இருந்தது. கேமராவுக்குத் தெரியாது. அதனால் காலை எட்டு மணிக்கு ஸ்கேன் அறையில் படுக்கவைத்து, முதுகு வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் கொக்கி முனையைக் கட்டிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். கம்பியைப் பின்தொடர்ந்து போனால் கட்டி. அதுதான் வழி.

ஸ்ட்ரெச்சர் லிப்டில் இரண்டு மாடி ஏறி தியேட்டருக்கு வந்தது. தூக்கி மேசையில் போட இரண்டு ஊழியர்கள் கை நீட்டினார்கள்.

"தள்ளுங்கப்பா. நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று தோரெஸ் வலது முழங்கையை ஊன்றி, உடம்பை ஒரு எக்கு எக்கி, தானே மேசைக்கு மாறிக்கொண்டாள்.

ஊழியர்கள் சபேலாவைப் பார்த்தார்கள். சபேலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க. பாறை ஏறுறவங்களுக்கு மேசை ஒரு பொருட்டா?" என்றாள்.

மயக்க மருந்து டாக்டர் ஆன்ஷோவும் சிரித்தார்.

அரைமணி நேரம் கழித்து, துளை போட்டு, வலது நுரையீரலின் காற்றை இறக்கி, கேமராவை உள்ளே விட்டதும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. திரையில், சுருங்கிக் கிடந்த நுரையீரலுக்கு வெளியே, விலா எலும்பின் ஓரமாகக் கம்பி தனியாகத் தொங்கியது. கொக்கியில் எதுவும் இல்லை.

"கழண்டுக்கிச்சு," என்றான் ரோய். சபேலாவின் தோளோடு தோள் ஒட்டி நின்று கேமராவைப் பிடித்திருக்கும் உதவி சர்ஜன். ஆறு வருடமாக இருவரும் ஒரே துளைக்குள் ஒரே திரையைப் பார்த்து வேலை செய்கிறார்கள்.

முழங்கை ஊன்றி எக்கிய அந்த ஒரு நொடி சபேலாவின் கண்முன் வந்தது. தோரெஸுக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பை இப்போது வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒதுக்கி வைத்தாள்.

"கம்பி போன எடத்துல மேல ஒரு ரத்தப் பொட்டு இருக்கும். அதைத் தேடுவோம்."

பொட்டுகள் நிறைய இருந்தன. ஐம்பது வருடம் விறகடுப்புப் புகை குடித்த நுரையீரல், எங்கு பார்த்தாலும் கரும்புள்ளி. எது புகை, எது ரத்தம் என்று திரையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இனி விரல்தான். துளை வழியாக ஒரு சுட்டுவிரல் மட்டும் போகும். விரல் கட்டியிடம் போகாது, நுரையீரலை இடுக்கியால் பிடித்து விரலிடம் கொண்டுவர வேண்டும். சபேலா கண்ணை மூடிக்கொண்டாள். ஈரப் பஞ்சுபோல மென்மை. கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடி மென்மை. ஒரு இடத்தில் பட்டாணிபோலத் தட்டுப்பட்டது. அது ரத்தக் குழாய் பிரியும் முடிச்சு.

"சபேலா, உள்ள வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டியா?" என்றார் ஆன்ஷோ. விளையாட்டாகத் தொடங்கியவர் குரலை மாற்றினார். "ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்கு வருது. ஒரு ரெண்டு நிமிஷம் ஊதிக் குடுக்கறேன், கையை எடு."

கையை எடுத்தாள். நுரையீரல் ஊதிப் பெருத்து, மறுபடி இறங்கியது. மறுபடி விரல். இப்படி நான்கு முறை. அறுபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

ரோய் தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஒரு கை நுழையற அளவுக்குத் திறந்தா பத்து நிமிஷ வேலை."

"அவங்க அந்த வரியை அடிச்சிருக்காங்க."

"பயத்துல அடிச்சது, சபேலா. கண்ணு முழிச்சு, கட்டி போயிடுச்சுன்னு சொன்னா யாரு சண்டைக்கு வரப்போறா? இல்லைன்னா கீழ் மடலை முழுசா எடுத்துடு. இந்த ஓட்டை வழியாவே எடுத்துடலாம். எங்க இருந்தாலும் அதுக்குள்ளதானே இருக்கு?"

"கான்சர்னு இன்னும் யாரும் சொல்லலை ரோய். இல்லாத கான்சருக்கு கால்வாசி மூச்சை அறுத்து எடுக்கவா? அலைக்கடியில மூச்சைப் பிடிச்சு நிக்கறவங்க அவங்க."

"அப்ப திற."

திறந்துவிடலாம். சபேலாவின் கைக்கு அது தெரிந்த வேலை. திறந்தால் ஒருவர்கூட அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், பாதுகாப்பான முடிவு என்றே எழுதுவார்கள். வெறுங்கையோடு மூடிவிட்டு வெளியே போனால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எட்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூட எடுக்கப் போனதை எடுக்காமல் வந்ததில்லை. திறக்க வேண்டும் என்று இப்போது தனக்குள் துடிப்பது எது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தோரெஸின் உயிருக்காகவா? கட்டி இன்னும் இரண்டு வாரம் உள்ளே இருந்தால் தோரெஸ் செத்துவிடப் போவதில்லை. அவமானத்தை இரண்டு வாரம் சுமக்கப் போவது சபேலாதான். அவமானத்துக்குப் பயந்து ஒருத்தியின் கையை எடுத்துக்கொள்வதா?

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகு மேசைக்கு முன்னால் நிற்பது சற்று எளிதாக இருந்தது.

"மூடறோம்," என்றாள்.

ரோய் கேமராவைத் துடைத்து வைத்தான். துடைக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தான்.

*

வெளியே சேலோ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சபேலா நடந்ததைச் சொன்னதும், "அதாவது, உள்ள போயி சும்மா பார்த்துட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

"ஆமா."

"பார்க்கறதுக்குத்தான் ஏற்கெனவே படம் எடுத்தீங்களே டாக்டரம்மா. ரெண்டு தடவை."

"ஆமா," என்றாள் சபேலா மறுபடியும்.

தோரெஸிடம் மாலை நான்கு மணிக்குச் சொன்னாள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. தோரெஸ் கேட்டுவிட்டு, இடதுகையை மெதுவாக வலது அக்குளுக்குக் கீழே கொண்டுபோய்த் தடவினாள். சின்ன பிளாஸ்திரியும் அதற்குக் கீழே ரப்பர் குழாயும் தட்டுப்பட்டன.

"திறக்கலை?"

"திறக்கலை."

"அப்ப அது இன்னும் உள்ளதான் இருக்கு."

"இருக்கு."

தோரெஸின் முகம் கோணியது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி அழுதாள், சத்தமில்லாமல். சேலோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சபேலா எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

"கம்பி கழண்டது நீங்களா மேசைக்கு மாறுனப்ப," என்றாள். "அதைத் தடுக்க வேண்டியது நான். தடுக்கலை. சிரிச்சுட்டு நின்னேன். தப்பு என்னோடது."

"ஏறுனது நான்தானே?"

"கம்பி எப்படி மாட்டியிருக்கும்னு எனக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

தோரெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, கூடவே எடை பார்ப்பதுபோல ஏதோ ஒன்றும்.

"உள்ள யாராச்சும் திறக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"உங்களுக்கு?"

"ரொம்ப ஆசையா இருந்துச்சு."

"ம்." தோரெஸ் தலையணையில் சாய்ந்தாள். "என் அண்ணன்கிட்ட இப்படி யாரும் உக்காந்து பேசலை. முழிச்சுப் பார்த்தான், கை போயிருந்துச்சு." பிறகு, "இன்னொரு தடவை போங்க. ஒரே ஒரு தடவை. அதுலயும் கிடைக்கலைன்னா திறந்துடுங்க. இந்தத் தடவை அந்த வரியை அடிக்கமாட்டேன்."

"நிச்சயமாவா?"

"இதை உள்ள வெச்சுக்கிட்டு கயித்துல தொங்க முடியாது டாக்டரம்மா. கை பாதி போனாலும் ஆள் வேணுமில்ல. ஆனா முதல்ல ஒழுங்காத் தேடுங்க."

சேலோ ஜன்னலிலிருந்து திரும்பினாள். "இந்தத் தடவை இவளைக் கட்டிப் போட்டுட்டு தேடுங்க."

*

திங்கட்கிழமை கூட்டத்தில் வழக்கமாக அவரவர் நல்ல படங்களைக் காட்டுவார்கள். சபேலா தொங்கும் கம்பியின் படத்தைத் திரையில் போட்டாள். "கிடைக்கவில்லை. மூடிவிட்டோம்" என்று அதற்குக் கீழே அவளே எழுதியிருந்தாள். ரோய் மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நோயாளியை ஸ்கேன் ரூம்லருந்து தியேட்டருக்கு நகர்த்துற வரைக்கும் இது திரும்ப நடக்கும்," என்றாள். "நகர்த்தாம செய்யணும். மயக்கம் குடுத்த அதே மேசையில ஸ்கேன் எடுத்து, அங்கயே குறி வெச்சு, அங்கயே எடுக்கணும். அதுக்கான ரூம் மாடியில இருக்கு. அடுத்த வாரம் வியாழக்கிழமை அது எனக்கு வேணும்."

மாடியில் இருந்தது இதயப் பிரிவின் அறை. மேசையைச் சுற்றி வளையவரும் ஸ்கேன் கருவி உள்ளது. தொடையிலிருந்து குழாய் விட்டு, மார்பைத் தொடாமலே இதய வால்வு மாற்றுவார்கள். சபேலா இரண்டு வருடமாகக் கேட்டும் கிடைக்காத அறை.

இதயப் பிரிவின் தலைவர் கின்டேலா நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு கேஸ் சொதப்பிட்டு, அதை வெச்சு என் ரூமைக் கேக்கறியே, நல்ல தைரியம்."

"சொதப்பினதாலதான் கேக்கறேன் சார். சொதப்பாம இருந்தப்ப ரெண்டு வருஷம் கேட்டுப் பார்த்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். கின்டேலா சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை எங்களுக்கு ரெண்டு வால்வு இருக்கு."

"காலைல ஆறரைக்கு ஆரம்பிக்கறேன். பத்து மணிக்கு ரூம் உங்க கைல இருக்கும்."

"பத்து அஞ்சுன்னா?"

"அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

கின்டேலா ரோயைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே? அன்னைக்கு கேமரா உன் கைல இருந்துச்சில்ல?"

ரோய் பேனாவை நிறுத்தினான். "நான் திறக்கச் சொன்னேன் சார். இப்பவும் அது தப்பான யோசனைன்னு நினைக்கலை. ஆனா அந்த ரூம் இருந்திருந்தா அந்தப் பேச்சே வந்திருக்காது."

"பத்து மணி," என்று கின்டேலா டைரியில் குறித்துக்கொண்டார்.

*

அடுத்த வார வியாழக்கிழமை, நவம்பர் மழையில், ஆறரை மணிக்கு இதயப் பிரிவின் அறையில் ஆரம்பித்தார்கள். தோரெஸ் மயங்கிய பிறகுதான் ஸ்கேன் கருவி அவளைச் சுற்றி வந்தது. கம்பி இல்லை. மெல்லிய ஊசியால் கட்டியின் ஓரத்தில் ஒரு சொட்டு சாயம். சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது, கேமராவின் சிறப்பு வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். ஊசி வெளியே வந்த நிமிடத்திலிருந்து அவளை யாரும் ஒரு விரல்கடை நகர்த்தவில்லை.

பழைய துளையின் தையலைப் பிரித்து அதே வழியாகப் போனார்கள். இரண்டு வாரத்தில் நுரையீரல் அங்கங்கே மார்புச் சுவரோடு ஒட்டியிருந்தது, சிலந்தி நூல்போல. அதைப் பிரிக்கவே இருபது நிமிடம் போனது.

"வெளிச்சத்தை மாத்து," என்றாள் சபேலா.

திரை கறுத்தது. எங்கும் ஒன்றுமில்லை. சம்மதப் படிவம் கோப்பில் இருந்தது, இந்த முறை ஒரு கோடும் இல்லாமல். பெரிய கருவிகளின் தட்டு துணி மூடி ஓரத்தில் காத்திருந்தது. சபேலாவுக்கு அதைப் பார்க்காமலே அதன் இடம் தெரிந்தது.

"மடலைப் புரட்டறேன். கேமராவைப் பின்னாடி கொண்டுபோ. இன்னும். கீழ."

ரோய் மணிக்கட்டை வளைத்தான். ஓரத்தில் ஒரு பச்சைக் கசிவு, பிறகு முழுப் பொட்டும், நகக்கண் அளவு, விளிம்பு தெளிவாக.

"அதோ இருக்கு சனியன்," என்றான் ரோய்.

சபேலா விரலை விட்டு, இடுக்கியால் அந்த இடத்தை விரலுக்குக் கொண்டுவந்தாள். பச்சைக்குக் கீழே ஆழத்தில், இப்போது எங்கே என்று தெரிந்ததால், தட்டுப்பட்டது. அன்றைக்கு விரல் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போயிருந்தது என்பதும் தெரிந்தது. அரை விரல்கடை. அதற்கும் இப்போது நேரமில்லை.

வெட்டிக்கொண்டே தைக்கும் ஸ்டேப்லர் மூன்று முறை கடித்தது. துண்டைச் சிறு பையில் போட்டுத் துளை வழியாக இழுத்தார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வரும்வரை சபேலா பக்கத்து நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தொலைபேசியை ஆன்ஷோ எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கான்சர்தான்," என்றது குரல். "பன்னெண்டு மில்லி. ஓரமெல்லாம் சுத்தம், எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கு. கணு மூணு பார்த்துட்டேன், மூணும் சுத்தம். மீதி அடுத்த வாரம்."

இந்த அளவுக் கட்டிக்கு மடல் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் எடுத்தார்கள்.

"மணி என்ன?" என்றாள் சபேலா.

"ஒன்பது நாற்பது," என்றார் ஆன்ஷோ. "கின்டேலா வெளிய நின்னு வாட்சைப் பார்த்துக்கிட்டிருக்கார். பாவம், ஏமாந்து போவார்."

மறுநாள் காலை சபேலா வார்டுக்குப் போனபோது தோரெஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். விஷயத்தை முந்தின மாலையே சொல்லியாயிற்று.

"கையைத் தூக்குங்க பார்ப்போம்."

தோரெஸ் ரொட்டியைக் கீழே வைத்தாள். வலதுகை தோள்வரை வந்தது, அங்கே நின்றது. பல்லைக் கடித்தாள். பிறகு இன்னும் மேலே, காதுவரை, தலைக்கு மேல். உச்சியில் விரல்களை விரித்து மூடினாள்.

"வலிக்குதா?"

"பின்ன வலிக்காதா? ஓட்டை போட்டிருக்கீங்க, ரெண்டு தடவை." கையை இறக்கினாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பாறைல இறங்கணும். அப்பத்தான் ஊரே பெர்செபெ கேக்கும்."

"ரெண்டு மாசம் ஆகும்."

"மூணு வாரம்."

"நுரையீரல்ல தையல் போட்டிருக்கு தோரெஸ். அலை வந்து நெஞ்சுல அடிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அப்ப ஆறு வாரம்."

"பொங்கி வர்ற கடல்ல இல்லை. அமைதியான நாளாப் பார்த்து, சேலோ சரின்னு சொன்னா மட்டும்."

"சேலோ ஒருநாளும் சரின்னு சொல்லமாட்டா," என்றாள் தோரெஸ்.

"அப்ப ரெண்டு மாசம்," என்று சபேலா கோப்பில் எழுதினாள்.